யூஎஸ்பியில் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டர்: லினக்ஸ்காரர்கள் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை

ஒரு முனையில் சாதாரண யூஎஸ்பி பின், மறுமுனையில் எச்டிஎம்ஐ போர்ட். லேப்டாப்பில் இருக்கும் ஒரே எச்டிஎம்ஐ போர்ட்டில் ஏற்கெனவே ஒரு மானிட்டர் இருக்கிறது, இரண்டாவது வேண்டும் என்று கேட்டால் கடையில் இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். "லினக்ஸ்ல ஓடுமாண்ணே?" என்று கேட்டாலும் பதில் தயார்: "எல்லாத்துலயும் ஓடும் தம்பி, சும்மா செருகினா போதும்."

செருகினால் மானிட்டர் கருப்பாகவே கிடக்கும், மிஞ்சிப்போனால் "நோ சிக்னல்". திரும்பக் கொண்டுபோனால் முதலில் கேபிள் சரியில்லை என்பார்கள், இன்னொரு கேபிள் விற்பார்கள். அடுத்து மானிட்டரில் கோளாறு. அதுவும் எடுபடவில்லை என்றால், "லினக்ஸ்தான் பிரச்சினை, விண்டோஸ் போட்டுத் தர்றோம்", அதற்குத் தனிக் கூலி. பணத்தைத் திருப்பிக் கேட்டால் சீல் பிரித்தாயிற்று என்று கையை விரித்துவிடுவார்கள்.

கேபிள் மேலும் தப்பில்லை, மானிட்டர் மேலும் தப்பில்லை. சாதாரண நீள்சதுர வாய் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் மொத்தம் ஒன்பது தொடர்புகள். அதில் ஒன்றுகூடப் படத்துக்கானது அல்ல. எனவே அந்த அடாப்டர் வெறும் மாற்றி அல்ல, உள்ளே சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் சிப் உட்கார்ந்திருக்கிறது. 1920×1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப ஏறக்குறைய 3 கிகாபிட் வேண்டும். யூஎஸ்பி 3.0-வின் வேகம் பெயரளவில்தான் 5 கிகாபிட், கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு, 2.0-வுக்கு வெறும் 480 மெகாபிட். அதனால் கம்ப்யூட்டரின் பிராசசரே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, சிப் அதை விரிக்கிறது. இந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது டிரைவர். டிரைவர் இல்லையென்றால் சிப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எத்தனை கேபிள் மாற்றினாலும் திரை கருப்புத்தான்.

ஆகவே கேட்க வேண்டியது "லினக்ஸில் ஓடுமா" என்று அல்ல, "உள்ளே என்ன சிப்" என்று. கடைக்காரருக்குத் தெரியாது, பெட்டியிலும் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், அடாப்டரைச் செருகி, டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கள் (இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டியவை). வரும் வரியில் ஐடி என்பதற்குப் பிறகு நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, இன்னொரு நான்கு இலக்கம். முதல் நான்குதான் சிப் யாருடையது என்று சொல்லும்.

17இ9 (இ, டி, சி எல்லாம் ஆங்கில எழுத்துகள்) என்றால் டிஸ்ப்ளேலிங்க். வாங்கலாம், இப்போது சினாப்டிக்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது, உபுண்டுவுக்கு அவர்களே டிரைவர் தருகிறார்கள். 1டி5சி என்றால் ஃப்ரெஸ்கோ லாஜிக், விலை மலிவு, லினக்ஸில் நம்பி வாங்கவே கூடாது. 534டி என்றால் மேக்ரோசிலிக்கான், 0711 என்றால் மேஜிக் கண்ட்ரோல். இந்த இரண்டிலும் பெரும்பாலும் யாராவது ஆர்வலர் எழுதிய டிரைவரைத் தேடிப்பிடித்து, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாறும்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. செருகியதும் சிடி டிரைவ் போல ஒன்று தோன்றி, உள்ளே இஎக்ஸ்இ கோப்பு மட்டும் இருந்தால் அது விண்டோஸுக்காகச் செய்த சரக்கு. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்ப்ளேலிங்க் வாங்கியும் திரை கருப்பு என்றால் பத்துக்கு எட்டு முறை செக்யூர் பூட் (டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கர்னலுக்குள் விடாத பாதுகாப்பு) என்றே சொல்வேன். டிரைவரில் இரண்டு பகுதி: கர்னலுக்குள் போகும் எவ்டி மாட்யூல், பின்னணியில் ஓடும் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர். எவ்டி உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் ஆவது, அதற்கு உங்கள் சாவியால் கையெழுத்திட வேண்டும். உபுண்டுவில் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்களே அதிகம். சில நொடி சும்மா இருந்தால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், சாவி பதியாது. உடனே ஏதாவது ஒரு கீயை அழுத்தி, என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பிறகு அந்தப் பாஸ்வேர்ட். தவறவிட்டீர்களா என்று பார்க்க சூடோ மாட்புரோப் எவ்டி அடியுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வந்தால் இதேதான் காரணம்.

ஓடிக்கொண்டிருந்தது, அப்டேட்டுக்குப் பிறகு போய்விட்டது என்றால் டெர்மினலில் டீகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கம்பைல் செய்வது டீகேஎம்எஸ்தான். இப்போதைய கர்னல் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்ட் என்று இல்லாவிட்டால் எவ்டி புதிய கர்னலில் கம்பைல் ஆகவில்லை. பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையை ஓட்டிக்கொண்டு, புது டிரைவர் வரும்வரை காத்திருங்கள். எல்லாம் சரியானால் டிஸ்ப்ளே பட்டியலில் டிவிஐ-ஐ-1 என்று ஒன்று வரும். எச்டிஎம்ஐதானே செருகினோம் என்று குழம்ப வேண்டாம், எவ்டி தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்ளும்.

டைப்-சி ஹப் விஷயத்தில் ஏமாற்று வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் டிரைவர் வேண்டாம், ஆனால் லேப்டாப்பின் சி போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (அந்தப் போர்ட் வழியாகவே படத்தை அனுப்பும் வசதி) இருந்தாக வேண்டும். விலை குறைந்த பல லேப்டாப்புகளில் அந்தப் போர்ட் டேட்டாவுக்கு மட்டும்தான். போர்ட் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட்டின் டி-பி குறியோ இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பாருங்கள். இல்லாத ஆல்ட் மோடை எந்த ஹப்பாலும் கொண்டுவர முடியாது.

லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐ போர்ட்டே கருப்பாக இருந்து, "போர்டு போயிடுச்சு, சிப் லெவல் வேலை" என்று யாராவது தொகை சொன்னால், ஒத்துக்கொள்ளும் முன் இரண்டு பார்வை. சூடோ இல்லாமலே கேட் போட்டு ப்ராக் கோப்பகத்தில் உள்ள சிஎம்டிலைனைப் படியுங்கள். அதில் நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவரை முடக்கிவைக்கும் சொல்) இருந்தால், இன்ஸ்டால் செய்தபோது யாரோ போட்டது அப்படியே தங்கிவிட்டது. கிரப் எனும் பூட் மெனுவின் அமைப்புக் கோப்பில் அதை அழித்து, சூடோ அப்டேட்-கிரப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போர்ட் உயிர்பெறும். இரண்டாவது, என்விடியா உள்ள லேப்டாப்புகள் பலவற்றில் எச்டிஎம்ஐ நேராக என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க பிரைம்-செலக்ட் இன்டெல் (என்விடியாவை அணைத்து இன்டெல் கிராஃபிக்ஸை மட்டும் ஓட்டும் கட்டளை) போட்டிருந்தால் அந்தப் போர்ட்டும் சேர்ந்து தூங்கிவிடும். செலவே இல்லாத கோளாறுகள் இவை.

ஏற்கெனவே ஏமாந்தாயிற்று என்றால் பில் இருக்கிறதா பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால், லினக்ஸில் ஓடும் என்று போட்டிருந்த விவரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரியை மாற்றிவிடுவார்கள். விவரத்தோடு பொருந்தாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. எல்எஸ்யூஎஸ்பி வரியையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். கடையில் நேரில் வாங்கப்போகிறவர்கள் பில்லில் "உபுண்டுவில் இயங்கும்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.