ஓசூரிலிருந்து போய்க் குடிக்கும் ரெட் ஒயின்: நாலு வருஷ அனுபவம்

பெங்களூருவில் ஒரு சின்ன ஒயின் கிளப்பில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாட்டில் ரெட் ஒயின். எல்லாமே கர்நாடகத் தோட்டங்களில் கொஞ்சமாகத் தயாராகிறவை. நந்தி மலைப் பக்கம், ஹம்பிப் பக்கம் என்று இடம் மாறும். எனக்கு வீடு ஓசூரில். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் பாட்டில்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் அக்கா வீட்டுக் கட்டிலடியில்தான் இருக்கும். சனிக்கிழமை பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டிப் போவேன், ராத்திரி அங்கேயே தங்கிவிடுவேன்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம்? வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். அதில் 300 பாட்டில் வரும். ஒரு ரகத்துக்கு நாலைந்து பீப்பாய்தான் என்றால், அந்த வருஷத்து மழையும் வெயிலும் ஒயினில் அப்படியே தெரியும். வேறு தோட்டத்துச் சாற்றைக் கலந்து சரிக்கட்ட வழியில்லை. ஒரே தோட்டத்து ஷிராஸ் (ஒரு கருந்திராட்சை ரகத்து ஒயின்) முதல் வருஷம் மிளகு வாசனையோடு மெதுவாக இறங்கியது. அடுத்த வருஷம் அரைகுறையாகப் பழுத்த நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த வித்தியாசம் பிடித்திருக்கிறது. எப்போதும் ஒரே ருசி வேண்டுமென்றால் பெரிய கம்பெனி பாட்டிலே போதும்.

இரண்டாம் வருஷம் ஏப்ரலில் ஒரு பெட்டி கெட்டது. கிளப்பில் எடுக்கப் போனபோது ஜன்னலோரம் வெயிலில் கிடந்தது. ஒரு பாட்டிலில் கார்க் நெல்மணி உயரத்துக்கு மேலே எழும்பி, கழுத்தில் ஊதா நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு இறங்கியிருந்தது. திறந்தால் காய்ச்சின உலர்திராட்சை வாசனை. அதை மட்டும் மாற்றித் தந்தார்கள். மற்ற இரண்டும் அதே மாதிரிதான் இருந்தன, அவற்றுக்குப் பதிலே இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறைக் கணக்கு, 16 முதல் 18 டிகிரி. நம் பக்கம் கோடையில் கூடத்திலேயே 30 இருக்கும், அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும். முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தபோதுதான் இந்த ஒயின்களின் பழ வாசனையே எனக்குத் தெரிந்தது. முதல் வருஷம் முழுக்க இது தெரியாமல் குடித்தேன்.

சாப்பாட்டில் காரம்தான் சிக்கல். மிளகாய் தூக்கலான குழம்போடு கேபர்னே சாவிஞான் என்ற துவர்ப்பான ரெட் ஒயினைக் குடித்தால் துவர்ப்பும் எரிச்சலும் சேர்ந்து ஏறும். "தம்பி, இன்னைக்கு மிளகாய் போடலடா, மிளகு மட்டும்தான்" என்று அக்கா ஆட்டுக்கறி வறுத்து, ராகிக் களியோடு வைத்தாள். கறியின் கொழுப்பில் துவர்ப்பு அடங்கிவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கு அதுதான் வழக்கம்.

பாட்டிலுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது, எனக்கு அது பெரிய தொகைதான். இருந்தாலும் இந்த வருஷமும் புதுப்பித்துவிட்டேன். ஏப்ரல் பெட்டியை மட்டும் மழை பெய்து ஊர் குளிர்ந்த பிறகு தரச் சொல்லியிருக்கிறேன்.