ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேரப் போகிறவர்களுக்கு: ஃபீஸை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்

நான் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறேன். சொந்த ஊர் சேலம் மாவட்டம், ஆத்தூர் பக்கம். இரண்டாம் வருட ஃபீஸ் 4 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய், ஐரோப்பா டூருக்கு என்று கட்டிய 65 ஆயிரம், இவை போக ஒரு முழு செமஸ்டர், எல்லாம் ஒரு கன்சல்டன்சிக்காரரால் போனது. புகார் நடவடிக்கையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் போனில் பேசப் போகிறவர் வேறு ஒருவராக இருப்பார், பேச்சு மட்டும் இதேதான்.

2023-இல் நீட் எழுதித் தகுதி பெற்றேன். அரசுக் கல்லூரிக்கு அந்த மார்க் போதாது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு எங்களுக்கு எட்டாத தூரம். அப்பா மரவள்ளி போடுபவர். ரிசல்ட் வந்த நாலாம் நாள் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு, சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த அவர் ஆபீஸில் அப்பா, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"பாப்பாவை டாக்டராக்கி உங்க கையில கொடுக்கறது என் பொறுப்புங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "படிப்பு தவிர உனக்கு என்ன பிடிக்கும் பாப்பா?" என்று கேட்டார். ஊர் சுற்றிப் பார்க்கப் பிடிக்கும் என்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஓர் அட்லஸ் இருக்கிறது. போக வேண்டிய ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "ஜார்ஜியா யூரோப்தானே பாப்பா. அங்க ரெசிடென்ஸ் கார்டு கையில வந்துட்டா விசாவே வேண்டாம். ஒரு லீவுக்கு பாரிஸ், ஒரு லீவுக்கு ரோம். உன் சீனியருங்க எல்லாம் போயிட்டு வந்துட்டாங்க" என்றார். சுவரில் ஈபிள் கோபுரத்தின் முன் வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்களின் படம். கிர்கிஸ்தானா ஜார்ஜியாவா என்று வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது.

அன்று அவர் சொன்ன இன்னொன்று, "என்.எம்.சி. அப்ரூவ்டு காலேஜ்ங்க." இதை எல்லா ஏஜென்டும் சொல்வார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளை அங்கீகரித்து எந்தப் பட்டியலும் என்.எம்.சி. என்கிற தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடுவதில்லை. அது வைத்திருப்பது விதிகள் மட்டும்தான். 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் இருக்க வேண்டும். இந்தியா திரும்பி எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விக்கு 150 எடுக்க வேண்டும். கடந்த சில வருடத் தேர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இவற்றில் ஒன்றுகூட அந்த மேசையில் பேசப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாங்கள் அவரை நம்பியதற்கு அதுதான் காரணம், அதனால் அதையும் சொல்கிறேன். சேர்க்கை உண்மை, பல்கலைக்கழகம் உண்மை, பாடம் நடத்தியவர்கள் நல்ல ஆசிரியர்கள். சார்ஜா வழியாக வந்து இறங்கிய என்னை அழைத்துப் போக ஏர்போர்ட்டில் ஆள் நின்றது. விடுதிச் சமையலறையில் ஆறு பேர் முறை வைத்துச் சோறு வடித்தோம். 33 எழுத்து ஜார்ஜிய மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளி பேசுவது ஜார்ஜியம். "சாத் க்ட்கிவாத்?", எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் கட்டில் பக்கத்தில் நின்று ஒன்றும் ஆகாது.

வசந்த காலத்தில் நாலு பேர் சேர்ந்து காஸ்பெகி போனோம். திதுபே பஸ் நிலையத்தில் மார்ஷ்ருட்கா என்கிற வேனில் ஏறினால் மூன்று மணி நேரம். மலைமேல் 2170 மீட்டர் உயரத்தில் கெர்கெத்தி தேவாலயம், அதன் பின்னால் பனி மூடிய காஸ்பெக் சிகரம். அந்த ஊர் என் அட்லஸில் புள்ளியாகக்கூட இல்லை. அங்கே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "குளிருதா கண்ணு, காதை மூடிக்கோ" என்றார். இந்தப் பயணத்துக்கு எந்த ஏஜென்டும் தேவைப்படவில்லை.

2024 ஆகஸ்டில் அந்தக் கன்சல்டன்சிக்காரர் இரண்டாம் வருட ஃபீஸ் விஷயமாக அப்பாவுக்குப் போன் செய்தார். "பேங்க்ல போட்டா டாலருக்கு ரேட் அதிகமா பிடிப்பாங்கங்க. எங்க ஆளு மூலமா போனா உங்களுக்கு இருபதாயிரம் மிச்சம்." அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் கூட்டுறவு வங்கிக்குப் போனது. 3 லட்சம் ரொக்கமாகவும், 1 லட்சத்து 70 ஆயிரம் அவருடைய சொந்தக் கணக்குக்கு ஜிபேயிலும் கொடுத்தார்கள். குளிர்கால லீவுக்கு ஐந்து நாட்டு டூர் என்று 65 ஆயிரம் தனி. அது நான் கேட்டது. பத்து நாளில் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பணம் போய்விட்டதற்கான ஸ்விஃப்ட் காப்பி, அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஆதாரம் என்றார். வங்கி முத்திரை, என் பெயர், 5,500 டாலர், எல்லாம் இருந்தது.

டூர்தான் முதலில் உடைந்தது. அக்டோபர் கடைசியில் தோழி ஒருத்தியோடு திபிலீசியில் இருக்கும் ஒரு விசா மையத்துக்குச் சும்மா விவரம் கேட்கப் போனேன். என் ரெசிடென்ஸ் கார்டை நீட்டி, இதை வைத்து இத்தாலி போகலாமா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கார்டைப் பார்க்கவே இல்லை, பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினான். ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, விசா இல்லாமல் போகும் சலுகை 2017-இல் ஜார்ஜியக் குடிமக்களுக்குக் கிடைத்தது. ஜார்ஜியாவில் தங்கிப் படிக்கும் இந்தியருக்கு அது கிடையாது. கார்டு இருப்பதால் ஒரே ஒரு வசதி, ஷெங்கன் விசாவுக்கு இந்தியா போகாமல் திபிலீசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. பக்கத்து நாடான துருக்கியின் இ-விசாகூட இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சும்மா கிடைக்காது. ஷெங்கன், அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான்.

வெளியே வந்து ஏஜென்டுக்குப் போன் போட்டேன். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "விசா போட்டுக்கலாம் பாப்பா. பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம். நீ கையெழுத்து மட்டும் போடு." பொய்க் காகிதம் கொடுத்து மாட்டினால் அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றின் கம்ப்யூட்டரிலும் ஐந்து வருடம் நிற்கும். மாட்டுவது நான், அவர் இல்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதைப் பொய் சொன்ன மனிதர் ஃபீஸ் விஷயத்தில் மட்டும் உண்மை சொல்லியிருப்பாரா?

மறுநாள் காலை முதல் வேலையாகப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்கு நேரே, இந்த வருடக் கட்டத்தில் பூஜ்யம். ஏதோ தவறு என்று சொல்லி போனில் இருந்த பிடிஎஃபைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் முனையால் கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் பல்கலைக்கழகத்தின் ஐபேன் எண்ணை, அதாவது வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது எழுத வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை, எழுதி என் பக்கம் தள்ளினார். ஜார்ஜியாவின் ஐபேன் எதுவாக இருந்தாலும் ஜி, இ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி மொத்தம் 22 இடம் இருக்கும். என் காகிதத்தில் இருந்தது 20. "இது எந்த வங்கியிலிருந்தும் வந்தது இல்லை, ஷ்விலோ" என்றார். ஷ்விலோ என்றால் குழந்தாய் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் அழுகை வந்தது.

ஃபீஸ் கட்டாததால் என் மாணவர் ஸ்டேட்டஸை நிறுத்தி வைத்தார்கள். அப்படி நின்றால் வகுப்பில் உட்காரலாமா, பரீட்சை எழுதலாமா என்பதோடு முடியாது. படிப்பைக் காரணம் காட்டித்தானே தங்கும் அனுமதி வாங்கியிருக்கிறோம், அதற்கும் ஆபத்து.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் செய்ய இருந்த பெரிய கெடுதல். வேறு வழியில்லாமல் அவரைப் பிடித்தபோது, "அந்த காலேஜே வேண்டாம் பாப்பா. இன்னொரு யூனிவர்சிட்டி இருக்கு, ஃபீஸ் கம்மி, கிரெடிட் எல்லாம் அப்படியே மாத்திக்கலாம்" என்றார். ஜார்ஜியச் சட்டப்படி அப்படி மாறலாம்தான். ஆனால் நம் ஊர் விதிப்படி முழுப் படிப்பும் பயிற்சியும் ஒரே நிறுவனத்தில் முடிந்திருக்க வேண்டும். 2022-இல் போர் வந்ததால் உக்ரைன் மாணவர்களுக்குத் தனிச் சலுகை கொடுத்தார்கள். எனக்கு எந்தப் போரும் இல்லை. அன்று மாறியிருந்தால் ஆறு வருடம் படித்து ஊர் திரும்பியும் எஃப்.எம்.ஜி.இ. எழுதும் தகுதியே கேள்விக்குறியாகியிருக்கும். ஃபீஸ் திருட்டை மறைக்க என் மொத்தப் படிப்பையும் பலி கொடுக்கத் தயாராக இருந்தார். பணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் திட்டவில்லை. "நீ அங்கேயே இரு சாமி, நான் பார்த்துக்கறேன்" என்றார். 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் பதிவு செய்தோம். பணம் கைமாறி இரண்டு மாதம் ஆகியிருந்ததால் கணக்கில் நிறுத்தி வைக்க ஒன்றும் மிச்சமில்லை. பணம் போனது தெரிந்த அன்றே, அந்த மணி நேரமே கூப்பிட வேண்டிய எண் அது. ரொக்கம் கொடுத்ததற்கு ரசீது இல்லை. ஜிபே பதிவும் வாட்ஸப் செய்திகளும்தான் ஆதாரம். எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்து, மாவட்டக் குற்றப் பிரிவில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய பிறகு, இரண்டு தவணையில் ஒன்றரை லட்சம் திரும்பி வந்தது. இன்னும் 3 லட்சத்து 85 ஆயிரம் வர வேண்டும்.

நிதிப் பிரிவு அம்மாதான் டீனிடம் பேசினார். ஃபீஸைத் தவணையில் கட்ட அனுமதி கிடைத்தது, பிப்ரவரியில் ஸ்டேட்டஸ் திரும்ப வந்தது. என் கூட வந்தவர்களைவிட ஒரு செமஸ்டர் பின்னால் இருக்கிறேன்.

சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். ஏஜென்டுக்கு அவர் வேலைக்கான கூலி தனி, பல்கலைக்கழகத்துக்கு ஃபீஸ் தனி. இரண்டையும் "பேக்கேஜ்" என்று ஒரே தொகையாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்திடமிருந்து இன்வாய்ஸை உங்கள் மெயிலுக்கே கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் கொடுக்கும் மெயில் முகவரியை நம்பாதீர்கள், பல்கலைக்கழக இணையதளத்தில் இருப்பதை எடுங்கள். சேர்க்கைக் கடிதம், இன்வாய்ஸ், பாஸ்போர்ட் நகல், பான் கார்டு, இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக்குப் போனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுப்பார்கள். நோக்கம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கல்விக்கான குறியீடு எஸ்0305. பணம் நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகும். ஸ்விஃப்ட் காப்பியை வங்கியே தரும். அதோடு விடாமல், பணம் வந்து சேர்ந்ததாகப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "எங்க ஆளு மூலமா" என்று ஒருவர் சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பான வழி. காணாமல் போனால் போலீஸில் சொல்லவே நீங்கள் தயங்குவீர்கள். அந்தத் தயக்கம்தான் அவர்களுக்குத் தேவை.

ஊர் பார்க்கும் ஆசை இருந்தால் தாராளமாக வாருங்கள், அதில் தப்பே இல்லை. மிட்ஸ்கேத்தா அரை மணி நேரத்தில் வரும், கருங்கடல் ஓரத்தில் பதூமி இருக்கிறது, ஆர்மீனியாவுக்கு இ-விசா எடுத்து இரவு ரயிலில் யெரெவான் போகலாம். பாரிஸ் வட்டம் என் அட்லஸில் அப்படியேதான் இருக்கிறது. என் சொந்தக் கணக்கில் நிஜமான பணம் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பேன்.

போன மாதம் அடுத்த தவணை கட்டினோம். அப்பா ஆத்தூர் வங்கியிலிருந்தே போன் செய்தார். எனக்கு வகுப்பு முடிந்திருந்த நேரம். படிவத்தில் எழுதியிருந்த ஐபேனை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார், நான் துண்டுச் சீட்டை வைத்துச் சரிபார்த்தேன். இருபத்திரண்டு வந்ததும், "சரி கண்ணு, இப்ப கையெழுத்துப் போடறேன்" என்றார்.