ஃபைபர் வள்ளத்தில் சார்ஜிங் சாக்கெட்: இரண்டு கச்சான் காலம் கழிந்த பிறகு

எங்களுடையது தூத்துக்குடிக் கரையில் ஓடும் ஃபைபர் வள்ளம். எஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு; அதற்கு பேட்டரி தேவையில்லை. படகில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். என்கிற கடல் ரேடியோ மூன்றுக்கும்தான். அதிலிருந்தே போன் சார்ஜ் ஏற ஒரு யூ.எஸ்.பி. சாக்கெட் பொருத்தினோம். அதற்குப் பிறகு இரண்டு கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் பருவம், போய்விட்டது. பொருத்திய வாரத்தில் எந்த சாக்கெட்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். உப்புக்காற்று என்ன செய்கிறது என்று தெரிய இவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது.

பகலில் போய்ப் பகலிலேயே திரும்புகிறவர்களுக்கு பவர் பேங்க் போதும். இரவு வலைக்குப் போகும்போதுதான் போதாது. கரை மறைந்ததும் போன் டவரைத் தேடித் தேடியே பாதி சார்ஜைத் தின்றுவிடும். திரும்பி வரும் வழியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில், கடலோரக் காவல்படையின் 1554-ஐக் கூப்பிட வேண்டிய நிலை வந்தால், கையில் செத்த போன் இருக்கக் கூடாது.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 5,000 எம்.ஏ.எச். போன் ஒன்று முழுதாக ஏற, இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 2 ஆம்பியர்-அவர் போகும். நாலு பேர் போன் என்றால் 8. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கைக்கு வருவது 17தான். விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் எடுத்தது போக மிச்சம் இழுபறிதான். 7 ஆம்பியர்-அவர் பைக் பேட்டரியை வைத்து இதையெல்லாம் ஓட்ட முடியாது.

சாக்கெட்டைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். "மொதல்ல வலை எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாருல, பெட்டிய அப்புறம் வைக்கலாம்" என்றார் பெரியப்பா. முன்பக்கம், அணியத்தில் வைத்தால் தெறிக்கிற தண்ணீர் முழுவதும் அதன் மேல்தான். பின்பக்கம் எரிபொருள் கேன் இருக்கிறது; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும், சுவிட்சின் சின்னப் பொறி போதும். எனவே நடுவில், உட்காரும் பலகைக்கு அடியில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சாக்கெட்டின் வாய் கீழே பார்க்கும்படி வைத்தோம். பெட்டிக்குள் போகும் வயரை நேராக விடாமல், துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறோம். வயரைப் பிடித்து ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டி விழும். ஒரு பைசா செலவில்லாத வேலை, இன்றுவரை பெட்டிக்குள் தண்ணீர் இறங்கவில்லை.

அடுத்தது வயர். கரையில் பல படகுகளில் ஆட்டோ கடை வயர்தான் ஓடுகிறது. ஒரு மழைக்காலம் கழித்து அதை உரித்துப் பாருங்கள்: முனையில் பச்சை, உள்ளே ஒரு சாண் தூரம் வரை கம்பி கறுத்திருக்கும், பற்றவைத்தால் ஈயம் ஒட்டாது. நாங்கள் போட்டது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, 2.5 சதுர மி.மீ. போகவர 6 மீட்டரில் 5 ஆம்பியர் ஓடினால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். 1 சதுர மி.மீ. என்றால் அரை வோல்ட்டைத் தாண்டும். இணைப்பு எதையும் முறுக்கி டேப் சுற்றவில்லை. வயர் முனையில் மாட்டும் உலோக லக் வைத்து அழுத்தி, உள்ளே பசையுள்ள சுருங்கு ட்யூபைச் சூடாக்கி மூடினோம். சமீபத்தில் ஒன்றை வெட்டிப் பார்த்தேன், உள்ளே கம்பி வெள்ளையாகவே இருந்தது.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஏ.பி.ஒய்.சி. என்ற அமெரிக்கப் படகுத் தரவிதியின் பொதுக் கணக்கு 7 அங்குலத்துக்குள் என்பது. சாக்கெட் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. ஃபைபர் எரியும் பொருள், கடலில் ஓட இடமில்லை. இந்த ஒன்றில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி சாக்கெட். தண்ணீர் உள்ளே புகாது என்பதற்கான ஐ.பி.67 தரக்குறி போட்டிருந்தாலும், மூடியைப் போட்டு வைத்திருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. எங்கள் ரப்பர் மூடியின் வார் முதல் கோடையிலேயே வெயிலில் வெடித்து அறுந்தது. சைக்கிள் ட்யூபில் வெட்டி ஒன்று கட்டியிருக்கிறோம். இரண்டு துளைகளில் ஒன்றின் பாசிட்டிவ் தகடு பச்சை பிடித்துவிட்டது. உப்பு ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கம்தான் கரையும். தனி சுவிட்ச் வைத்து, தேவையில்லாதபோது அணைக்க ஆரம்பித்த பின் மற்றத் துளை இன்னும் பளபளப்பாக இருக்கிறது. சாக்கெட்டில் எரியும் வோல்ட்மீட்டர் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர் வீண். சுவிட்ச் அதையும் நிறுத்துகிறது. கார் லைட்டர் மாதிரி வட்டத் துளை சாக்கெட் படகுக்கு வேண்டவே வேண்டாம். அலையில் ஆடி ஆடிப் பிளக் கழன்றுவரும்.

எதிர்பாராமல் வந்த தொல்லை வி.எச்.எஃப்.பில். சாக்கெட்டை ஆன் செய்தால் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-ல் இரைச்சல் கேட்டது. 12 வோல்ட்டை 5 ஆக்கும் சர்க்யூட் ரேடியோ இரைச்சலையும் கிளப்பும். எல்.இ.டி. விளக்குகளும் இதே போல் வி.எச்.எஃப்.பைக் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் எச்சரித்திருந்தது. சாக்கெட் வயரை ஆன்டெனா கேபிளிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றி, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் ஒன்றை வயரில் மாட்டியதும் பெரும்பாலும் அடங்கியது. நீங்கள் பொருத்தினால் கரையிலேயே ரேடியோவில் இரைச்சலை மறைக்கும் ஸ்கெல்ச்சைத் திறந்துவைத்து ஆன்-ஆஃப் செய்து கேட்டுப் பாருங்கள்.

உச்சிவெயிலில் மூடிய பெட்டிக்குள் போன் ஏறாது, சூடானால் தானே நிறுத்திக்கொள்ளும். விடிகாலைக்குள் ஏற்றிவிடுகிறோம். பேட்டரிக்கு ஒரு சோலார் பலகை வாங்கும் யோசனை இருக்கிறது, ஆனால் வலை சிக்காத இடம் வள்ளத்தில் இன்னும் அமையவில்லை. அதுவரை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போய்த்தான் ஏற்றுகிறோம்.