ஷாவோலினா, வூடாங்கா?

சீனத் தற்காப்புக் கலையைப் பௌத்தமும் சீனாவின் சொந்தச் சமய மரபான தாவோவும் பாதிப்பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஹெனான் மாநிலத்து ஷாவோலின் பௌத்த மடம் 'புறக்கலை'. ஹூபெய் மாநிலத்தில் தாவோ துறவிகளின் வூடாங் மலை 'அகக்கலை'. முன்னதற்குக் கடும் உடற்பயிற்சி, பின்னதற்கு நீரைப் போல வளைந்து எதிரியின் விசையையே திருப்புவது.

சான்றில் ஷாவோலின் கை ஓங்குகிறது. 621இல் அதன் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்காகப் போரிட்டதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மிங் அரச மரபின் காலத்தில் (1368–1644) அவர்களுடைய கம்பு வித்தைக்குத் தனிப் புகழ் இருந்தது. வூடாங்கின் தாவோ துறவியாகச் சொல்லப்படும் சாங் சன்ஃபெங்கை அகக்கலையோடு இணைக்கும் பழைய சான்று 1669ஆம் ஆண்டின் கல்லறை வாசகம்தான். அகக்கலைகளில் பெயர்பெற்ற தாய்ச்சியின் வேரைத் தேடினால் மலைக்கல்ல, ஹெனானின் சென் கிராமத்துக்கே போய்ச் சேர்கிறோம்.

நமக்கு நெருக்கமான போதிதர்மர் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து போன அவர் ஷாவோலினில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். அந்த நம்பிக்கை வளரக் காரணமான, அவர் பெயரில் வழங்கும் 'யீஜின்ஜிங்' நூலோ 1624க்கு முந்தையதாகத் தெரியவில்லை. அதிலுள்ள மூச்சும் தசைநார்ப் பயிற்சியும் தாவோ மரபின் உடற்பயிற்சிகள். பௌத்தரின் பெயரில் தாவோ முறை!

தத்துவ ஆழம் தேடினால் தாவோ பக்கம் போகலாம். மூச்சு, மென்மை, உள்ளாற்றல் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. வரலாறு வேண்டுமென்றால் என் தேர்வு ஷாவோலின்தான்.