பழைய கார் எடுக்கும் டீலர்களே, எனக்கு 1,85,000 ரூபாய் போய்விட்டது

திங்கள்கிழமை மதியம் போனது. இன்று வியாழன். இன்னும் சோறு சரியாக இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் பதினோரு வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கிறேன். மீட்டரைத் திருப்பிய வண்டி, வெள்ளத்தில் முங்கிய வண்டி எல்லாம் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் 1,85,000 ரூபாய் அடித்துவிட்டான் ஒருவன். டீலர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வண்டி விளம்பரம் போடும் இணையத்தளம் ஒன்று. பெயர் வேண்டாம். 2018 ஸ்விஃப்ட் டீசல், ஒரே ஓனர், டிஎன் 72, விலை 4,15,000. எங்கள் பக்கம் அந்த வண்டி 4,75,000-க்குக் குறையாது. விலையைப் பார்த்ததுமே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஏனென்றால் விளம்பரம் இருந்தது நாகர்கோவில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சியின் டீலர் கணக்கில். பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று டிக் வேறு. அவரிடம் முன்பு இரண்டு வண்டி எடுத்திருக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். "அண்ணாச்சி வெளியூர் போயிருக்காவ, நான் மருமவன், கடைய நாந்தான் பாக்கேன்" என்றான். இந்தி கலந்த தமிழ் என்றால் நாமே உஷாராகிவிடுவோம். இவன் ஊர்ப் பேச்சு பேசினான். அண்ணாச்சியின் பழைய எண் என் போனிலேயே கிடக்கிறது. ஒரு தடவை அதில் கூப்பிட்டிருந்தால் போதும்.

"வண்டி அம்பாசமுத்திரத்துல ஓனர் சார் வீட்ல நிக்கி. போய்ப் பாருங்க. அவர்ட்ட மட்டும் விலை பேசிராதீய, நம்ம கமிஷன் தெரிஞ்சிரும்." இந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பார்ட்டியிடம் விலை பேசாதே என்பது எங்கள் தொழிலில் தினசரிப் பேச்சு. கடைப் பையனை அனுப்பும்போது நானே சொல்லி அனுப்புவேன். எங்கள் பழக்கத்தை எடுத்து எங்களையே அடித்திருக்கிறான்.

ஞாயிறன்று 5,000 டோக்கன் அனுப்பினேன். கணக்கு ஒரு பெண் பெயரில். "எங்க வீட்ல பேரு" என்றான், சரி என்றேன். புதுக் கணக்கு என்பதால் பெரிய தொகைக்கு ஒரு நாள் பொறுக்கச் சொன்னது வங்கி ஆப். அந்த ஒரு நாளும் நான் யோசித்தது, வண்டியை எவ்வளவுக்குத் தள்ளலாம் என்று.

திங்கள் காலை அம்பாசமுத்திரம். ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு. வேப்பமரத்தடியில் வண்டி. ஆர்சி, இன்சூரன்ஸ், சர்வீஸ் புத்தகம் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் தயாராக வைத்திருந்தார். வாகனப் பதிவு ஆப்பில் பார்த்தேன், லோன் இல்லை. காபி கொடுத்தார். பாபநாசம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், தங்கம் மாதிரி வண்டி. திரும்பி வரும்போது சார் போனில், "ஆமா, நம்ம ஆளு வந்துட்டாரு, பாத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் காதால் கேட்டபின் எனக்கென்ன சந்தேகம்? அவர் திண்ணையில் உட்கார்ந்தே 1,80,000 அனுப்பினேன். மீதியை ஆர்டிஓ ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தருவதாகப் பேச்சு.

சாவி கேட்டேன். "தம்பி, பணம் இன்னும் வரலியே?" என்றார்.

சாரின் விளம்பரத்தைத்தான் படத்தோடு திருடி அண்ணாச்சி கணக்கில் போட்டிருக்கிறான். சாரிடம், "4,75,000-க்கே எடுத்துக்கிடுதேன், பாக்க வாரது எங்க கடை ஆளு, அவர்ட்ட விலை பேசாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். ஒரே திண்ணையில் ரெண்டு பேரும் விலையைப் பற்றி வாய் திறக்காமல் காபி குடித்திருக்கிறோம்! சார்மேல் தப்பில்லை. என்னைவிட அவர்தான் கலங்கிப்போனார்.

அப்புறம்தான் அண்ணாச்சியைப் பழைய எண்ணில் பிடித்தேன். பத்து நாளைக்கு முன் அவருக்கு வாட்ஸ்அப்பில், டீலர் பேக்கேஜ் முடியப்போகிறது என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. தளத்தின் பக்கம் மாதிரியே இருந்ததாம். பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டுவிட்டார், கணக்கு போய்விட்டது. அன்றே புகார் கொடுத்தாராம். பத்து நாளாக அந்த டிக் அப்படியே இருந்திருக்கிறது.

தளத்தில் முதலில் பதில் சொன்னது மெஷின். பிறகு ஒரு பெண், "பணப் பரிவர்த்தனைக்கு நாங்க பொறுப்பில்லை சார்." மறுநாள், சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று மெசேஜ்! வங்கியில், "நீங்களேதானே அனுப்பியிருக்கீங்க?" சைபர் கிரைம் எண் 1930-ஐ நான் கூப்பிட்டதே சாயங்காலம். அதற்குள் பணம் நாலைந்து கணக்குக்குப் பிரிந்துவிட்டது. 1,85,000-த்தில் முடக்க முடிந்தது 7,400. அதுவும் கைக்கு வர இன்னும் எத்தனை நடை நடக்கணுமோ.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. டிக்கை நம்பாதீர்கள், பழைய எண்ணில் கூப்பிடுங்கள். ஆர்சியில் உள்ள பெயருக்குத்தான் பணம் போக வேண்டும், வீட்டம்மா, மச்சான் கதையெல்லாம் வேண்டாம். ஓனரிடம் விலையை முகத்துக்கு நேராகக் கேளுங்கள், கமிஷன் போனால் போகட்டும். வந்த லிங்க்கில் பாஸ்வேர்ட் போடாதீர்கள். என் கடையிலும் மூன்று பையன்களுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் இருந்தது, நேற்றுத்தான் மாற்றினேன். பணம் போனால் முதல் போன் 1930, மற்றதெல்லாம் பிறகு.

இன்று காலை அதே தளத்தில் அதே ஸ்விஃப்ட், அதே வேப்பமரம். மதுரைப் பக்கம் வேறொரு டீலர் பெயரில், டிக்கோடு. விலை 3,95,000. புகார் கொடுத்திருக்கிறேன். பரிசீலிக்கிறார்களாம்.