கல் மீனும் கடைசிக் கரண்டி எண்ணெயும்: ராமநாதபுரம் கடலோரக் கடைகளில் எடைக் குறைப்பு

மண்டபம் பக்கம் வேலையாக வந்து தங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1500 கலோரி திட்டத்துல இருக்கேன்ணே, மூணு வேளையும் கடைச் சாப்பாடுதான். அங்க சமாளிக்க முடியுமா?" தாராளமாக முடியும். மதுரையைவிட இங்கே எளிது. கலோரிக் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும், அதை விரிவாகச் சொல்லப்போவதில்லை. இந்தக் கரையில் வெளியில் சாப்பிட்டுக்கொண்டே எடைத் திட்டத்தையும் விடாமல் பிடித்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கல் மீன்.

டயட்டில் இருப்பவர்கள் கடைக்குள் நுழைந்ததும் நம்பிக் கேட்பது அதைத்தான். சட்டியில் முங்கப் பொரிக்கவில்லை, தோசைக்கல்லில் போட்டு எடுத்தது, ஆகவே எண்ணெய் குறைவு என்று நினைப்பு. மீன் மேல் ஒரு குற்றமும் இல்லை. 100 கிராம் சீலாத் துண்டில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும், கலோரி 120ஐ ஒட்டித்தான் வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அதே 120தான். மீனோடு அந்த ஒரு கரண்டி உள்ளே போனாலே கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

பல கடைகளில் நடப்பது இதுதான். மதியக் கூட்டத்துக்கு முன்பே துண்டுகளைச் சட்டியில் அரைவேக்காடாகப் பொரித்து வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் கல்லில் போட்டுச் சூடாக்கித் தருகிறார்கள். அதாவது இரண்டு தடவை எண்ணெய். மசாலாவில் மீன் உடையாமல் இருக்கச் சோள மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், அது எண்ணெயை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். கல்லில் ஒரே நேரத்தில் பதினைந்து துண்டு அடுக்கினால் சூடு இறங்கி, பொரிய வேண்டியது எண்ணெயில் ஊற ஆரம்பிக்கும். எல்லாம் முடிந்து எடுக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிற அந்தக் காரியம்: கல்லின் ஓரத்தில் தேங்கி நிற்கும் எண்ணெயைக் கருவேப்பிலை, வெங்காயத்தோடு வழித்து, பளபளப்புக்காகத் துண்டின் மேலேயே ஊற்றித் தருவது. "எண்ணெய் கம்மியா" என்று சொல்லியிருந்தாலும் ஊற்றுகிறார்கள். கம்மி என்பது சமைக்கும்போது மட்டும்தான், பரிமாறும்போது இல்லை என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். எண்ணெய் குறைந்தால் மீன் கல்லில் ஒட்டும், தோல் பிய்ந்துவிடும், பிய்ந்த துண்டை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஒருவருக்காகக் கல்லைத் துடைத்து, ஒரே துண்டைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் பின்னால் இருபது பேர் சத்தம் போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பளபளப்புதான் பிடிக்கும். இதெல்லாம் புரிகிறது. மேலே ஊற்றுகிற அந்தக் கடைசிக் கரண்டிக்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குப் புரியவில்லை.

முன்பே பொரித்த துண்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விரல் கனமுள்ள பச்சைத் துண்டு கல்லில் வேக எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். மூன்று நிமிடத்தில் தட்டுக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள். கல்லில் மட்டும் வெந்ததென்றால் மேலும் கீழும்தான் முறுகியிருக்கும். சுற்று விளிம்பு வெளிறி, சதை அடுக்கடுக்காகத் தெரியும். விளிம்பெல்லாம் ஒரே மாதிரி சிவந்து மொறுமொறுவென்று இருந்தால் அது சட்டியில் முங்கி வந்தது.

கேட்கிற விதமும் முக்கியம். பரிமாறுகிறவரிடம் சொன்னால் அது கல் வரைக்கும் போய்ச் சேராது. கல்லில் நிற்கும் மாஸ்டரிடம் நேராகப் போய், "அண்ணே, பொரிக்காத துண்டு இருந்தா போடுங்க. கல்லைத் துடைச்சிட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், மேல ஊத்தவேணாம்" என்று சொல்லுங்கள். பன்னிரண்டேகால் மணிக்குப் போனால் கேட்பார்கள், ஒன்றரைக்குக் கேட்கமாட்டார்கள். அப்படியும் எண்ணெயோடு வந்துவிட்டால் சூடு இருக்கும்போதே டிஷ்யூ பேப்பரில் இரண்டு பக்கமும் ஒற்றிவிடுங்கள். பொரித்த பண்டம் எண்ணெயை உள்ளே இழுப்பது பெரும்பாலும் அடுப்பை விட்டு இறங்கி ஆறும்போதுதான். உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து அடங்க, அந்த இடத்துக்கு மேலே நிற்கும் எண்ணெய் இறங்கும். ஐந்து நிமிடம் கழித்து ஒற்றினால் பேப்பர்தான் வீண். தட்டில் உதிர்ந்து கிடக்கும் கருகிய மசாலாத் தூளைத் தொடவேண்டாம். ருசி அதில்தான், எண்ணெயும் அதில்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கல் மீனை அடியோடு விட்டுவிடலாம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான் கிடைக்கும், மிச்சம் ஐஸில் வந்தது. ஐஸ் விட்ட மீன் தண்ணீர் விடும், உடையும். அதைக் கட்டிப்போட மாவு கூடும், மாவுக்கு ஏற்ப எண்ணெய் கூடும். அந்த மாதங்களுக்கு நுங்கு இருக்கிறது, சாலையோரத்தில் சீவித் தருவார்கள், பயமில்லாமல் சாப்பிடலாம். பதநீரில்தான் கவனம் வேண்டும். ஒரு டம்ளரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை போய்விடும்.

இப்போது சந்தோஷமான பக்கம். இந்தக் கரையில் எடை குறைப்பவருக்கு உண்மையான சாப்பாடு குழம்பு மீன்தான். நகரை, விளமீன், பாறை, காரல் எதுவானாலும் புளிக்குழம்பில் கொதித்து வெந்த துண்டுக்குள் எண்ணெய் இறங்குவதில்லை, மேலேதான் மிதக்கும். மிளகாயின் சிவப்பு நிறம் எண்ணெயில்தான் கரையும். அதனால் குழம்புச் சட்டியில் மேலே செக்கச்செவேல் என்று நிற்கிற படலம் முழுக்க எண்ணெய் என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். நம்ம ஊர் முண்டு மிளகாய் போட்ட குழம்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. "அண்ணே, மேலாக்க எடுக்காம அடியில இருந்து ரெண்டு துண்டு" என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் தருவார்கள், எந்த நேரத்தில் போனாலும் தருவார்கள். தேங்காய் அரைத்த குழம்பென்றால் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு குழம்பை இலையிலேயே விடுவது நல்லது.

மீன் புட்டும் அப்படித்தான். அவித்து உதிர்த்த மீனை வெங்காயம், பச்சை மிளகாயோடு ஒரு கிளறு. சோற்றுக்குப் பதிலாகவே அதைச் சாப்பிட்டுவிடலாம். கணவாய் மிளகு வறுவலும் கேட்கலாம். கணவாய் தன் தண்ணீரிலேயே வேகும், மாவு இல்லை. தொக்கு என்றால் வேண்டாம். மாவில் முக்கிய வளையம் என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சோறுதான் மற்றொரு பொறி. முதல் குவியலே 300 கிராம் வரும், அதுவே 390 கலோரி. இலை போட்டதும், கரண்டி இறங்குவதற்கு முன், "அரைச் சோறு" என்று சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ரசத்தைச் சோற்றில் வாங்காமல் டம்ளரில் வாங்குங்கள்.

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிச் சைவக் கடைகள்தான், காலை இட்லி, சாம்பாரோடு முடித்துக்கொள்ளலாம். வடக்கத்தி யாத்ரீகர்களுக்கான கடைகளில் நெய் தடவாத ரொட்டியும் பருப்பும் கிடைக்கும், ராத்திரிக்கு அது போதும். கீழக்கரையில் இடியாப்பம் ஆவியில் வெந்தது என்று நம்பி உட்கார்ந்தால் கூடவே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வரும், அதற்குப் பதில் ஆணத்தை, அதாவது குழம்பை, ஓரமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் இனிப்பான தொதலைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன், ஆசைப்பட்டால் ஒரு துண்டு, அன்றைக்கு வேறு இனிப்பு இல்லை. பரோட்டா வேண்டாம். மாவு உருண்டையே எண்ணெயில் ஊறித்தான் கிடக்கிறது.

கருவாடு, ஊறுகாய் சாப்பிட்ட மறுநாள் எடை ஒரு கிலோ வரை ஏறிக் காட்டலாம். உப்பு பிடித்து வைத்த தண்ணீர் அது. இரண்டு நாள் கழித்து நிறுத்துப் பாருங்கள்.

இவ்வளவு பாராட்டிவிட்டு இந்தக் கரைக் கடைகளுக்கு மதிப்பெண் என்று கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். குழம்பு மீனுக்கு ஐந்தும் தரலாம், ஆனால் அந்தக் கடைசிக் கரண்டியை மேலே ஊற்றுவதை நிறுத்தும்வரை என் மனசு ஒப்பவில்லை. நண்பருக்கு ஒன்று: ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரை திரும்பும். கடைக்குப் போகுமுன் அன்றைக்குப் படகு வந்ததா என்று விசாரித்துவிடுங்கள். வந்திருந்தால் குழம்பு மீன் கேளுங்கள், வராத நாளில் முட்டை.