இசைத்தட்டு, சிடி, ஸ்ட்ரீமிங்: பழைய பாட்டைக் கேட்கக் காசை எதில் போடலாம்?

பழைய பாட்டை ஒழுங்காக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற ஆசை வந்தவருக்கு இன்று கடையில் மூன்று வழிகள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய இசைத்தட்டு வாங்கலாம். சில நூறு ரூபாய்க்குப் பழைய சிடி வாங்கலாம். மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கில் கேட்கலாம். இவற்றுள் இப்போது பேச்சும் புகழும் இசைத்தட்டுக்குத்தான். அமெரிக்காவில் 2020-இல் விற்பனை வருவாயிலும், 2022-இல் எண்ணிக்கையிலும் இசைத்தட்டு சிடியை முந்தியது. 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகு இப்படி நடந்தது அப்போதுதான். அதே நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, இசைத்தட்டு வாங்குவோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அதைப் போட்டுக் கேட்கும் கருவியே இல்லை. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2022-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு நான்கு வகை அட்டைகள் வந்தன. நான்கையும் வாங்கிப் பின்பக்கங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகார முகப்பு உருவாகும். இதைக் கேலி செய்ய நான் விரும்பவில்லை. சுவரில் மாட்டி வைத்து ரசிக்க வாங்குகிறவர் தெளிவாகவே வாங்குகிறார். ‘இதில்தான் ஒலி உயர்வு’ என்று நம்பி வாங்குகிறவரிடம் மட்டுமே எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

எல்பி எனப்படும் பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது; ஊசி வெளிவிளிம்பில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் இந்த வேகம் மாறுவதில்லை. ஆனால் வெளிவட்டம் பெரியது, உள்வட்டம் சிறியது என்பதால், பக்கத்தின் முதல் பாட்டில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளத்துக்கு, இசை பதிந்த பள்ளம் ஓடுகிறது. கடைசிப் பாட்டில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒரு நொடி இசையை அரைப்பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பாடகி ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும் இடங்கள் சீறத் தொடங்குகின்றன. ஆரவாரமான பாட்டை முதலிலும் மென்மையான பாட்டைப் பக்கத்தின் இறுதியிலும் வைப்பதற்குத் தயாரிப்பாளர்கள் அக்கறை காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், பள்ளம் அகன்றுவிடாமல் இருக்க, வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டி எழுதுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கித் தருவதற்கு ‘ஃபோனோ ப்ரீஆம்ப்’ என்ற தனி மின்சுற்று வேண்டும். அந்தச் சுற்று உள்ளே இல்லாத டர்ன்டேபிளை (தட்டைச் சுழற்றும் கருவியை) வாங்கி, வீட்டு ஸ்பீக்கரில் நேராகச் செருகிவிட்டுப் பாட்டு கொசு கத்துவதுபோல் இருக்கிறது என்று வருந்துகிறவர்கள் பலர்.

சூட்கேஸ் வடிவத்தில் அழகாக வரும் மலிவு விலைக் கருவிகள் வேறு ரகத் தொல்லை. நல்ல கருவியில் ஊசி தட்டின்மேல் சுமார் 2 கிராம் எடையுடன்தான் இறங்கும். இவற்றில் பலவற்றில் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தட்டை மண்வெட்டியால் கீறுவதற்குச் சமம் அது என்பேன்; சற்று மிகைதான், ஆனால் பொய்யில்லை.

எண்களாக மாற்றாமல் ஒலியலையை அப்படியே பதியும் ‘அனலாக்’ முறையே தூய்மையானது என்ற வாதத்துக்கு 2022-இல் ஒரு நல்ல சோதனை தானாகவே நடந்துவிட்டது. மூல ஒலிநாடாவிலிருந்தே இசைத்தட்டு வெட்டுகிறோம் என்று பெயரெடுத்திருந்த மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், பல ஆண்டுகளாக இடையில் டிஜிட்டல் (எண்முறை) பிரதி ஒன்றை எடுத்துத்தான் வெட்டி வந்தது என்பது வெளியானது. வழக்கு நடந்தது, இழப்பீட்டில் முடிந்தது. எனக்கு வியப்பளித்தது வேறு: அத்தனை ஆண்டுகளில், கூர்மையான காதுகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ரசிகர்கள் அந்தத் தட்டுகளையே அனலாகுக்கு உதாரணமாகக் காட்டி வந்தார்கள்.

சிடியின் கதை இசைத்தட்டுக்கு நேர்மாறானது. 1982-இல் ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து கொண்டுவந்த இந்தத் தகட்டில் லேசர் உள்ளிருந்து வெளியே படிக்கிறது. எந்த வட்டத்தில் இருந்தாலும் தடம் ஒரே வேகத்தில் ஓடும்படி மோட்டார் தன் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வருவதால், கடைசிப் பாட்டும் முதல் பாட்டைப் போலவே ஒலிக்கிறது. நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் பதிவாகும் ஒலியில், மிக மெல்லிய ஓசைக்கும் மிக உரத்த ஓசைக்கும் உள்ள இடைவெளி 96 டெசிபெல். இசைத்தட்டால் அதை எட்டவே முடியாது. சிடி கீறலையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விட்டுப்போன தரவைக் கணக்கிட்டு நிரப்பும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. துடைக்கும் முறையும் எதிரெதிர்: இசைத்தட்டைப் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாகத் துடைக்க வேண்டும், சிடியை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் மெல்லிய கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, நிரப்ப முடியாத நீளத்துக்குத் தரவை அழித்துவிடும்.

சிடி வாங்குவதில் பொறிகளும் உண்டு. 1990-களுக்குப் பிறகு, எல்லா ஓசையையும் ஒரே உரப்பில் அழுத்தித் தயாரிக்கும் பழக்கம் பரவியது. அப்படிச் செய்த தகட்டில் 96 டெசிபெல் இருந்தும் பயனில்லை. பழைய பொருள் விற்கும் கடைகளில் ‘150 பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருப்பது, பாட்டுகளைச் சுருக்கி அடைத்த எம்பி3 சிடி. ஆடியோ சிடி அன்று. 74 நிமிடத்தை ஒட்டிய நீளமே ஆடியோ சிடிக்கு உண்டு என்பதால், பாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஆலையில் அச்சான தகடு தூய வெள்ளியாக மின்னும், கணினியில் எரித்த நகலில் பச்சையோ நீலமோ சாயல் தெரியும். நான் ஒருமுறை ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை மட்டும் நம்பித் தபாலில் வரவழைத்த தகடு, பச்சைச் சாயலும் நகலெடுத்த அட்டையுமாக வந்து சேர்ந்தது.

நம் திரைப்பாடல்களைப் பொறுத்தவரை இசைத்தட்டுக்கு ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. எல்லாப் படங்களின் பாடல்களும் சிடியாக வரவில்லை. 45 சுழற்சியில் ஓடும் சிறு தட்டுகளில் மட்டும் தங்கிவிட்ட பாட்டுகளும், கல்யாண வீட்டு மைக் செட்டில் ஊரே கேட்கக் கதை வசனம் ஒலித்த எல்பிகளும் உண்டு. அத்தகையவற்றைத் தேடுகிறவருக்குப் பழைய தட்டைத் தவிர வேறு போக்கில்லை. அவர் டர்ன்டேபிள் வாங்குவதில் முழு நியாயம் இருக்கிறது. புதிதாக மறுபதிப்பாகும் தட்டை, அதே பாட்டு சிடியில் கிடைக்கும்போது, ஒலிக்காக வாங்குவதில்தான் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஸ்ட்ரீமிங்கின் வசதியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லா ஒலியை, அதாவது சுருக்கும்போது தரவு எதுவும் விட்டுப்போகாத ஒலியை, கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. கோப்பளவில் அது சிடிக்குச் சமம் அல்லது மேல். ஆனால் அதைச் சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்டால், வழியிலேயே மறுபடியும் சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. கம்பி ஹெட்ஃபோன் இல்லாமல் இழப்பில்லாத் தரத்தைத் தேடுவது வீண். இன்னொரு குறை, பாட்டு நம்முடையதன்று. உரிமப் பேச்சு முறிந்ததால் 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் வெளியிட்ட இந்திப் பாடல்கள் ஸ்பாடிஃபை என்ற ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. ராக் பாடகர் நீல் யங் 2022-இல் தம் பாடல்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டு 2024-இல்தான் திரும்பினார். ரசிகர் தொகுத்து வைத்த பட்டியலில் அந்த வரிகள் மட்டும் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. பழைய தமிழ்ப் பாட்டு என்றால் பாடலாசிரியர் பெயரைக்கூடச் சில வேளைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; தட்டின் பின்னட்டையில் அது பாட்டின் பக்கத்திலேயே இருந்தது.

ஆகவே என் வீட்டில் புதிய பாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை ஸ்ட்ரீமிங்குக்கு. பிடித்துப்போனதை வைத்துக்கொள்ளும் வேலை பழைய சிடிக்கு. தனி சிடி ப்ளேயர் வாங்காவிட்டாலும், பரணில் கிடக்கும் டிவிடி ப்ளேயரே போதும்; மடிக்கணினியில் செருகும் யுஎஸ்பி டிரைவ் ஒன்று இருந்தால், தகட்டை ஃப்ளாக் கோப்பாக இழப்பின்றிப் பிரதி எடுத்து, அதே பாட்டைக் கைப்பேசியிலும் கேட்கலாம். பழைய சிடி வாங்கும்போது டப்பாவின் கீல் உடைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வழக்கமான டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால், கேட்காமல் கிடக்கும் வேறொரு சிடியின் டப்பாவை அதற்கு மாற்றிவிடலாம்.